அமராவதிக் கரையில் கால்நடைக்கு ஒதுக்கிய பங்கு

உடுமலைப்பேட்டைக்குத் தென்கிழக்கே, அமராவதி ஆற்றங்கரையில் இருக்கிறது கொமரலிங்கம். ஆனைமலைத் தொடரிலிருந்து இறங்கி வரும் ஆறு, கல்லாபுரம், கொமரலிங்கம், சர்க்கார் கண்ணாடிபுத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு எனப் பழைய ராஜவாய்க்கால்களுக்கு நீரைக் கொடுத்துவிட்டுத் தாராபுரம் நோக்கிப் போகிறது. வாய்க்கால் பாயும் இடத்தில் நெல்லும் கரும்பும் தென்னையும். வாய்க்கால் எட்டாத வடக்கே சோளக்காடும் மேய்ச்சல் நிலமும். தெற்கே யானையும் புலியும் உலவும் மலைக்காடு. இந்த மூன்று நிலங்களிலும் மனிதர் விலங்குகளோடு வாழ்ந்த முறை வெவ்வேறு. ஆனால் மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு: நிலத்திலோ நீரிலோ நாளிலோ விலங்குக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மேலே சொன்ன ஊர்களில் ஒன்று தன் பெயரிலேயே தொழுவைத் தாங்கி நிற்கிறது.

கொங்கு நாட்டின் ஆநிரைச் செல்வம் சங்க காலத்திலேயே பேசப்பட்டது. பதிற்றுப்பத்து கொங்கரைப் பசுக்கள் நிறைந்தவர்களாகக் காட்டுகிறது. கணிச்சியால் குழி தோண்டி, சிறிதளவே ஊறும் நீரைக் கயிற்று முகவையால் இறைப்பதையும், அதைச் சுற்றி மாடுகள் மொய்ப்பதையும் அந்நூல் சொல்கிறது. ஆண்டு மழை ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மட்டுமே பெறும் வறண்ட மேட்டு நிலத்தில், தோண்டிய நீரில் மாட்டுக்கும் பங்கு இருந்திருக்கிறது.

அந்த மந்தையைக் காப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. உடுமலை, பொள்ளாச்சி, பல்லடம் வட்டாரங்களில் கிடைக்கும் புலிகுத்திக் கற்கள் இதற்குச் சான்று. பின்னங்காலில் எழுந்து பாயும் புலியின் உடலில் ஒரு வீரன் ஆயுதத்தைப் பாய்ச்சுவதுதான் அவற்றில் வழக்கமாகக் காணப்படும் சிற்பம். பட்டியில் புகுந்த புலியோடு போராடி இறந்தவருக்கு ஊர் எடுத்த கல் அது. மாட்டுக்காக மாண்டவன் பல ஊர்களில் தெய்வமானான்.

கோயில்களும் கால்நடையைக் கணக்கில் வைத்தன. சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு எரிய ஆடோ மாடோ கொடையாக விடப்படும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்ற அளவு காணப்படுகிறது. மன்றாடி எனப்பட்ட ஆயர் அவற்றைப் பெற்று, நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கொடுத்த ஆடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. ஆடு சாகாமல் இருக்காது. செத்ததற்கு ஈடாக ஈன்ற குட்டியைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் காப்பது ஆயரின் கடமை. பராமரிப்பு இங்கே கல்லில் வெட்டிய ஒப்பந்தம்.

இந்த நிலத்துக்கே உரிய ஏற்பாடு கொறங்காடு. காங்கயம், தாராபுரம், வெள்ளக்கோவில், மூலனூர் பகுதிகளில் இது பரவலாக உண்டு. உழுது விதைக்கக்கூடிய தன் சொந்த நிலத்தையே உழவர் மேய்ச்சலுக்கு விட்டுவைப்பதுதான் கொறங்காடு. கீழே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. நிலத்தைப் பல துண்டுகளாக அடைத்து, ஒன்றில் மேயவிட்டு மற்றதைத் தழையவிடுவார்கள். புல் காயும் கோடையில் வெள்வேலங்காய் தீவனமாகும். அதன் நிழலில் மாடு படுத்து அசைபோடும். கிளுவைக் குச்சியை வெட்டி நட்டாலே வேர்விடும் என்பதால் வேலிக்குத் தனிச் செலவு இல்லை.

இந்தப் புல்லில் வளர்ந்த இனமே காங்கயம் மாடு. கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் அந்தச் செம்மை மறைந்து சாம்பல் படரும். பொலிகாளைக்குத் திமிலும் முன்னங்காலும் பின்புறமும் கருமையேறும். பசு வெளுப்பாகவே நிற்கும். காங்கயம் அருகே பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதில் பெரும் பங்கு வகித்தது. தென்னிந்தியக் கால்நடைகள் பற்றி லிட்டில்வுட் என்பவர் 1936-ல் வெளியிட்ட நூலிலும் காங்கயம் இடம்பெற்றது. சித்திரையில் மாரியம்மன் திருவிழாவையொட்டிக் கூடும் கண்ணபுரம் மாட்டுச்சந்தை இந்த இனத்துக்குப் பேர்போனது.

மாட்டின் வேலை உழவோடு முடிவதில்லை. வண்டியிழுத்தது, வாய்க்கால் இல்லாத ஊர்களில் கிணற்று நீரையும் அதுவே மேலே கொண்டுவந்தது. கவலை எனப்படும் இந்த நீரிறைப்பில் இரண்டு எருதுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட்டுச் சால் மேலே வரும். வால்கயிற்றைத் தளர்த்தியதும் தோல் தும்பி வழியே நீர் கொட்டும். எருதுகள் பின்னோக்கி நடந்து பழைய இடத்துக்கு வரும். விடியுமுன் தொடங்கும் இந்த நடையை வெயில் ஏறுமுன் நிறுத்தினால்தான் எருது தாங்கும் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியும்.

அவ்வளவு உழைக்கிற மாட்டுக்கு வீட்டில் தனி இடம் உண்டு. அது கட்டுத்தரை. காலையில் சாணி வழித்துக் கூட்டுவது, கழுநீர் சேர்த்துத் தண்ணி காட்டுவது, சோளத்தட்டைப் போரிலிருந்து உருவிப் போடுவது, ஆட்டுரலில் பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பது என அதற்கொரு நாள்வரிசை இருந்தது. பருத்தி விளைந்த இந்த வட்டாரத்தில் பஞ்சு நூற்பாலைக்குப் போனது, கொட்டை மாட்டுத் தாழிக்கு வந்தது. எருதின் பசி தணியாமல் வீட்டார் சாப்பிட உட்காருவது குறையாகவே கருதப்பட்டது.

இந்த உறவில் கடுமையும் இருந்தது. கன்றுக்குக் காயடிப்பது நெடுங்காலம் வலி மிகுந்த முறையிலேயே நடந்தது. நோய்க்கு மருந்தென்று சூடு போட்டார்கள். உழைத்து ஓய்ந்த எருது சந்தை வழியாகக் கேரளத்துக்கு அடிமாடாகப் போனது. வெக்கை நோய் வந்தால் பட்டியே காலியாகும். மாட்டுவாகடம் அறிந்த வைத்தியராலும் அதை நிறுத்த முடிந்ததில்லை. 1903-ல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிய பிறகு ஊசியும் தடுப்பு மருந்தும் படிப்படியாகக் கிராமங்களுக்கு வந்தன. உலகிலிருந்தே வெக்கை நோய் ஒழிந்ததாக 2011-ல் அறிவிக்கப்பட்டது.

மாட்டுக்குரிய பங்கு வெளிப்படையாகத் தெரிவது தை மாதத்தில். தைப்பொங்கலுக்கு முன்தினம் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை சேர்த்து வீட்டுக்கும் பட்டிக்கும் தோட்டத்துக்கும் காப்புக் கட்டுவார்கள். மறுநாளைக்கு மறுநாள் பட்டிப் பொங்கல் எனப்படும் மாட்டுப் பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி வர்ணம் பூசி, புதுக்கயிறு மாற்றுவார்கள். பட்டியில் சிறிய தெப்பக்குளம் கட்டி நீர் ஊற்றி, பொங்கல் வைத்துப் படைத்தபின், மாடுகளை அதைத் தாண்டவிடுவார்கள். பட்டி பெருக வேண்டும் என்பதே அன்றைய வேண்டுதல்.

உடுமலை வட்டாரத்தில் இந்த நாளுக்கு இன்னொரு மையம் உண்டு. அது சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயில். மேயப்போன பசுக்கள் புற்றொன்றில் பால் சொரிந்ததைக் கண்டு ஆயர் வழிபடத் தொடங்கிய இடம் என்பது ஊர்க்கதை. மாட்டுப் பொங்கலையொட்டி நடக்கும் திருவிழாவுக்குச் சுற்று வட்டார உழவர்கள் பால் கொண்டுவருவார்கள். மாடு கன்று நோயின்றி இருக்க, மண்ணால் செய்த மாட்டு உருவாரங்களை வாங்கி வைத்து வணங்குவார்கள்.

மாட்டுப் பொங்கலன்று பிறக்கும் கன்று ஆல்கொண்டமாலுக்கு உரியது. அத்தகைய காளைக்கன்றை உழவிலோ வண்டியிலோ பூட்டாமல், சலகெருது என்று பெயரிட்டு ஊரே வளர்க்கும். மார்கழி மாத இரவுகளில் அதற்கு ஆட்டம் பழக்குவார்கள். உருமி முழங்க, நீண்ட மூங்கில் கழிகளைப் பிடித்த இளைஞர்கள் காளையின் முன் தாளத்துக்கு அடிவைத்து முன்னும் பின்னும் நகர்வார்கள். காளையும் அந்த அடிக்கு ஏற்ப முன்னேறும், பின்வாங்கும், திரும்பும். தை பிறந்ததும் அதை அலங்கரித்து ஆல்கொண்டமால் கோயிலுக்கு அழைத்துச் செல்வார்கள். அடித்து வேலை வாங்கப் பழகிய அதே சமூகம், ஒரு விலங்கை வேலையே வாங்காமல் வளர்க்கும் கடமையையும் தானே ஏற்றுக்கொண்டது.

காட்டு விலங்குகளின் பங்கு சட்டத்தின் வழியே வந்தது. 1957-ல் அமராவதி அணை கட்டி முடிக்கப்பட்டு, சுமார் 55,000 ஏக்கர் பாசனம் பெற்றது. சின்னாறும் பாம்பாறும் தேனாறும் வந்து சேரும் அந்த நீர்த்தேக்கம் சதுப்புநில முதலைகளுக்கும் வாழிடம் ஆயிற்று. தோலுக்காக வேட்டையாடப்பட்டு நாடெங்கும் முதலை அருகிய நிலையில், 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1975-ல் இந்திய முதலைப் பாதுகாப்புத் திட்டமும் வந்தன. அதே காலத்தில் அமராவதியில் முதலைப் பண்ணை தொடங்கியது. தாய் முதலை கரையில் குழி பறித்து இட்ட முட்டைகளைத் தேடி எடுத்து, பண்ணையில் பொரிக்க வைத்தார்கள். முதலை முட்டையைப் புரட்டிவிட்டால் உள்ளே ஒட்டிய கரு அழிந்துவிடும். மண்ணில் எந்தப் பக்கம் மேலாக இருந்ததோ அப்படியே எடுத்து அப்படியே வைக்க வேண்டும். அஞ்சி விலகிய ஓர் உயிரின் முட்டையை இவ்வளவு கவனமாகச் சுமந்தது புதிய பழக்கம். அமராவதிக் காடு பின்னர் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வந்து, 2007-ல் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியானது. கோடையில் சின்னாறு பக்கமிருந்து மூணாறு சாலையைக் கடந்து யானைகள் நீர்த்தேக்கத்துக்கு இறங்குகின்றன. வாகனங்கள் நின்று வழிவிட வேண்டியிருக்கிறது.

கட்டுத்தரையின் கதை இதற்கு எதிர்த்திசையில் போனது. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவை வட்டாரக் கிணறுகளில் மோட்டார் ஏறியது, கவலை நின்றது. டிராக்டரும் லாரியும் ஏரையும் வண்டியையும் வாங்கிக்கொண்டன. பால் வருமானத்துக்கு ஜெர்சிக் கலப்பினம் கட்டுத்தரைக்கு வந்தது. குறைவாகப் பால் தரும் காங்கயம் பசு விற்கப்பட்டது. திருப்பூர்ப் பனியன் தொழில் வளர்ந்தபோது மாடு மேய்க்கும் கைகள் தையல் இயந்திரத்துக்குப் போயின. மேய்ச்சல் நிலம் மனையாகவும் மாறியது.

வளர்ப்பு விலங்குகளையும் சட்டம் தொட்டது: விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதற்கு முன்னோடியான தனிநபர் மசோதாவை மாநிலங்களவையில் கொண்டுவந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்தது. 2017 சனவரிப் போராட்டத்துக்குப் பின் தமிழ்நாடு திருத்தச் சட்டம் இயற்றியது. 2023-ல் நீதிமன்றம் அதை ஏற்றது. வதையும் வளர்ப்பும் பற்றிய அந்த விவாதத்தில், நாட்டு மாடு அழிந்துவருவது பரவலான பொதுப்பேச்சாயிற்று. காங்கயம் அருகே குட்டப்பாளையத்தில் இயங்கும் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இனத்தையும் கொறங்காட்டையும் சேர்த்தே காக்க முயல்கிறது. உடுமலையை அடுத்த பண்ணைக்கிணறில் அரசின் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்திருக்கிறது.

மார்கழி இரவில் உருமிச் சத்தம் இந்த ஊர்களில் இன்னும் கேட்கிறது. மாட்டுப் பொங்கலன்று பிறக்கும் கன்று இன்றும் ஆல்கொண்டமாலுக்கே உரியது. அது மேய்வதற்கு நிலம் விட்டுவைப்பது மட்டும் ஊரார் பொறுப்பு.