வீடு யாருடைய பெயரில்?

தெல்தோட்டை என்றதும் இலக்கிய அன்பர்களுக்கு அருள்வாக்கி அப்துல் காதிருப் புலவரின் பெயர் நினைவுக்கு வரும். சரித்திர நாட்டமுள்ளவர்களுக்கு அயலிலுள்ள லூல்கந்துர தோட்டம் நினைவுக்கு வரும். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட மண் அது. இந்தச் சரித்திரத்தில் பெயர் பதியாத ஒரு சாரார் உண்டு. அறிவு வளர்ச்சி குன்றியவர்களாகப் பிறந்து, வளர்ந்து ஆளானவர்கள். அவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இப்பகுதியில் இத்தகைய பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரிடம் நான் அடிக்கடி கேட்ட வார்த்தை ஒன்றுதான்: "நான் கண்ணை மூடினா இவனை யார் பாக்கிறது?" பாசத்திலிருந்து பிறக்கும் இந்தக் கேள்விக்குப் பின்னால் நமது வீட்டின் வரலாறும் இருக்கிறது.

தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு கட்டப்பட்டது. செக்ரோலில் பெயர் இருந்தால்தான் லயத்தில் காம்பரா. 10 அடிக்கு 12 அடி அறையும் தோட்டத்தின் சொத்து. கொழுந்து பறிக்கவோ கவ்வாத்து வெட்டவோ இயலாதவன் தகப்பன் பெயரிலும், பிறகு அண்ணன் பெயரிலும் ஒண்டியிருக்க வேண்டியவனானான். அவனுக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை.

மேல்நாடுகள் இதே கேள்விக்கு வேறு விடை கண்டன. ஊருக்கு வெளியே பெருவிடுதிகளைக் கட்டி, ஆயிரக்கணக்கானவர்களை அங்கே சேர்த்தன. நியூயோர்க்கின் வில்லோபுரூக் விடுதி 4,000 பேருக்கென அமைக்கப்பட்டது; 1965இல் அங்கே 6,000 பேருக்கு மேல் இருந்தனர். 1972இல் தொலைக்காட்சி அதன் அவலத்தைக் காட்டியபோது அமெரிக்கா அதிர்ந்தது. 1987இல் அது மூடப்பட்டது.

மாற்று வழியின் விதை டென்மார்க்கில் விழுந்தது. நாஜிகளிடம் சிறைப்பட்டிருந்த பாங்க்-மிக்கெல்சன், இவர்களுக்கும் இயன்றவரை மற்றவர்களைப் போன்ற வாழ்வு வேண்டுமென வாதாடினார். அக்கருத்து 1959இல் அந்நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. சுவீடனின் பெங்ட் நிர்யே அதனை ஒரு கோட்பாடாக வகுத்தார்.

பின்னர் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் லொயிஸ் கேர்ட்டிஸ், இலேன் வில்சன் என்னும் இரு பெண்கள் வழக்காடினர். வெளியே வாழலாம் என்று மருத்துவர்களே சொல்லியும் அவர்களை மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். காரணமின்றி இப்படி ஒதுக்கிவைப்பது பாரபட்சமே என்று 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடுதலை பெற்ற லொயிஸ் ஓவியரானார். 2011இல் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஒபாமாவிடம் தமது ஓவியமொன்றைக் கையளித்தார்.

இந்தப் புதிய முறையின் சூட்சுமம் எளியது. வீடும் உதவியும் தனித்தனி. வாடகை ஒப்பந்தம் அந்த மனிதரின் பெயரில் இருக்கும். சமையலுக்கு, சில்லறை எண்ணுவதற்கு, மருந்து எடுப்பதற்கு, பஸ் ஏறுவதற்கு என வேண்டிய அளவுக்கு உதவியாளர் வந்து போவார். உதவியாளர் மாறலாம்; வீடு மாறாது. கதவைத் தட்டித்தான் எவரும் உள்ளே வரவேண்டும்.

லயமோ வீட்டை வேலையோடு கட்டியது. பெருவிடுதியோ வீட்டைப் பராமரிப்போடு கட்டியது. இரண்டிலும் கட்டு அறுந்தால் மனிதன் தெருவில். இந்த ஒற்றுமையை நாம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கென வந்தது. 2016இல் நமது நாடு ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் ஏற்று உறுதிசெய்தது. எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தாமே தெரிவுசெய்யும் உரிமையை அதன் 19ஆம் உறுப்புரை சொல்கிறது. எழுத்தில் உரிமை வந்துவிட்டது. உதவிக்கு வரும் ஆளும் அவருக்குரிய சம்பளமும் மலையடிவாரத்துக் குடும்பங்களுக்கு இன்னும் எட்டாத தூரம்.

"குடும்பத்தைப் பிரிப்பதா?" என்று சிலர் கேட்கக்கூடும். பிரிப்பது நோக்கமன்று. தாய் உயிரோடு இருக்கும்போதே மகன் தேநீர் ஊற்றவும், தன் சட்டையைத் தானே தெரிந்தெடுக்கவும் பழகினால், அவள் மறைவோடு அவன் உலகம் இடிந்துபோகாது. பாசம் சில வேளைகளில் கையைப் பிடித்துக்கொண்டே காலைக் கட்டிவிடுகிறது.

மலையகத்தில் இந்திய உதவியோடு 4,000 வீடுகளைக் கட்டும் திட்டம் 2016இல் தொடங்கியது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏழு பேர்ச் காணி என்பதும் கொள்கையாயிற்று. தலைமுறைகள் காத்திருந்த உறுதிப்பத்திரம் கைக்கு வரும்போது, குடும்பத்தில் இயலாதவர் எனப்படுபவரின் பெயரையும் எழுதச் சொல்வோமா? அந்தத் தாயின் கேள்விக்கு விடை அங்கிருந்துதான் தொடங்கும்.