உள்ளங்கை அளவு நிண்டெண்டோ

2016 நவம்பரில் நிண்டெண்டோ தன் பழைய சரக்கையே புதிதாக விற்றது. 1980களின் என்.இ.எஸ். வீடியோ கேம் பெட்டியை உள்ளங்கையில் அடங்கும்படி சுருக்கி, 30 விளையாட்டுகளை உள்ளேயே அடைத்திருந்தார்கள். அமெரிக்காவில் விலை 60 டாலர். கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்தது. வெளியே பல மடங்கு விலைக்குக் கைமாறியது.

கார்ட்ரிட்ஜ் மூடி வெறும் அலங்காரம், திறக்காது. ரீசெட் பொத்தான் நிஜம். அதை அழுத்தினால் ஆட்டத்தை விட்ட இடத்திலேயே சேமிக்கலாம். ஆனால் கன்ட்ரோலர் ஒயர் இரண்டரை அடிதான்! சோஃபாவில் சாய்ந்து ஆட நினைத்தவர்கள் டிவி முன்னால் தரையில் சம்மணமிட வேண்டியதாயிற்று.

யோசனை புதிதல்ல. 2004இலேயே அடாரி ஃப்ளாஷ்பேக் வந்துவிட்டது. அதற்கும் முன்பே, 1990களில் நம்மூரில் ‘டிவி கேம்’ என்று புழங்கியவற்றில் பல, நிண்டெண்டோவின் ஃபேமிகாமை, அதாவது என்.இ.எஸ்.ஸின் ஜப்பானிய வடிவத்தைப் பார்த்து அடித்த நகல்கள். மரியோவும் கான்ட்ராவும் இங்கே பலருக்கு அறிமுகமானது அவற்றில்தான். ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் என்று மார்தட்டிய கார்ட்ரிட்ஜ்களில், கொஞ்ச விளையாட்டுகளையே பெயர் மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள்.

2017இல் சூப்பர் நிண்டெண்டோவும் குட்டியாக வந்தது. அதன் 21 விளையாட்டுகளில் ஒன்று ஸ்டார் ஃபாக்ஸ் 2. 1990களின் நடுவில் கிட்டத்தட்ட முடித்துவிட்டு வெளியிடாமல் கைவிட்டது.

இதைப் பார்த்து 2018 டிசம்பரில் சோனியும் தன் பழைய பெட்டியைக் குட்டியாக்கி இறங்கியது. 20 விளையாட்டு, 100 டாலர். சிலவற்றுக்கு மெதுவாக ஓடும் ஐரோப்பியப் பதிப்பைப் போட்டது அசட்டுத்தனம். சில வாரங்களிலேயே விலை 60 டாலருக்கு இறங்கியது. செகா சுதாரித்துக்கொண்டது: பழைய விளையாட்டுகளை மாற்றியமைப்பதில் கைதேர்ந்த எம்2 நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்து, 2019இல் 42 விளையாட்டுகளோடு மெகா டிரைவ் மினியை வெளியிட்டது.