மண்ணெண்ணெய் மோட்டாரும் கட்டுமரமும்: ஒரு சின்ன வரலாறு

ஓசூரில் கடல் கிடையாது. தண்ணீர் என்றால் எங்களுக்கு கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, கொஞ்சம் தள்ளிப் போனால் ஒகேனக்கல். பரிசலுக்கு மோட்டார் எதற்கு? ஆனாலும் படகு மோட்டாரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1980-ல் இந்த ஊரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டின் இன்ஜினும், படகின் பின்பக்கம் மாட்டுகிற பழைய அவுட்போர்டு மோட்டாரும் நெருங்கிய சொந்தக்காரர்கள். இரண்டுமே டூ-ஸ்ட்ரோக். இரண்டுக்குமே எரிபொருளோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். அப்பாவின் பழைய மொபெட்டைப் பெடல் மிதித்து மிதித்து ஸ்டார்ட் செய்தவர்களுக்கு, பழைய அவுட்போர்டின் கயிற்றை இழுத்து இழுத்துக் கை வலிக்கும் மீனவரின் கஷ்டம் உடனே புரியும் :-)

அரசு அறிவிப்புகளில் இதை 'வெளிப்பொருத்தும் இயந்திரம்' என்று போடுவார்கள். இதைப் பிரபலமாக்கியவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் வாழ்ந்தவர். ஏரியில் படகு வலித்துப் போய் வாங்கி வந்த ஐஸ்கிரீம், தீவில் காத்திருந்த காதலி பெஸ்ஸிடம் சேர்வதற்குள் உருகிவிட்டதாம், அந்தக் கடுப்பில்தான் மோட்டார் செய்தாராம். எவ்வளவு நிஜமோ, தெரியாது, நல்ல கதை! அவருக்கு முன்பே கேமரன் வாட்டர்மன் என்பவர் இப்படி ஒன்றைச் செய்து விற்றிருக்கிறார். 1909-ல் எவின்ரூட் விற்க ஆரம்பித்த மோட்டார் ஒன்றரை குதிரைத்திறன், எடை சுமார் 28 கிலோ. ஒரு ஆள் தோளில் தூக்கலாம். நம் கடற்கரைக்கு அந்த விஷயம்தான் பின்னால் முக்கியமாகப் போகிறது.

ஏனென்றால் கட்டுமரம் என்பது கயிற்றால் கட்டிய மரத்துண்டுகள். அதன் நடுவில் இன்ஜினை இறக்கி வைக்க இடமே இல்லை. துறைமுகமும் கிடையாது, அலையைத் தாண்டி நேராக மணலில்தான் ஏற வேண்டும். அடியில் நிலையாக நீட்டிக்கொண்டிருக்கும் புரொப்பெல்லர் இருந்தால் மணலில் மாட்டி உடையும். அவுட்போர்டை கரை நெருங்கும்போது மேலே சாய்த்துக்கொள்ளலாம், இரவில் கழற்றி வீட்டுக்கே கொண்டுபோய்விடலாம்.

இந்தியாவில் மீன்பிடிப்பை இயந்திரமயமாக்கும் பெரிய முயற்சி 1953-ல் கொல்லம் பக்கத்தில் நீண்டகரையில் தொடங்கியது. இந்தோ-நார்வே திட்டம். (எவின்ரூட்டின் ஊர்க்காரர்கள்!) இருக்கிற வள்ளங்களிலேயே இன்ஜின் வைப்பதுதான் முதல் யோசனை. அது சரிவரவில்லை. டீசல் இன்ஜின் உள்ள புதிய படகுகளைக் கட்டினார்கள். அந்தப் பாதைதான் கடைசியில் இறாலைத் துரத்தும் இழுவைமடி விசைப்படகுகளில் போய் நின்றது. 1970-களில் இந்தப் படகுகள் கரையோரத்தை அரித்து எடுக்க, துடுப்பும் பாயும் வைத்திருந்தவர்களுக்கு மீன் குறைந்தது. கடலில் சண்டை, வலை அறுப்பு, தீவைப்பு எல்லாம் நடந்தன. தமிழ்நாட்டில் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் வந்ததற்கு இதுவே பின்னணி.

நாட்டுப்படகு மீனவர் மோட்டார் வாங்கியது சொகுசுக்காக அல்ல. கரையோரத்தில் மீன் இல்லை, தூரம் போக வேண்டும், துடுப்பால் முடியவில்லை. 1980-களின் தொடக்கத்தில் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் ஜப்பானிய அவுட்போர்டுகள் வேகமாகப் பரவின. முட்டத்தில் பியர் ஜில்லே என்ற பெல்ஜியக்காரர் மோட்டார் வைக்கத் தோதான சிறிய பிளைவுட் படகுகளைச் செய்து பார்த்தார். அந்த அனுபவத்தை 1985-ல் ஒரு புத்தகமாகவும் எழுதினார். சிறியது கடினமானது என்பதுதான் தலைப்பின் பொருள். ஷூமாக்கரின் புகழ்பெற்ற 'சிறியதே அழகு'க்குக் கொடுத்த குட்டு என்று நினைக்கிறேன்.

பெட்ரோல் கட்டுப்படியாகாது என்பதால் மண்ணெண்ணெய். ஆனால் குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் திரும்பவும் பெட்ரோலுக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி அடுத்த நாள் காலை கழுத்தறுக்கும். கை மாறி வந்த மோட்டார் என்றால் இன்னும் பாடு. பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை மெதுவாக இழுத்து, உப்பில் பிஸ்டன் இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கியர் ஆயில் பால் கலந்த டீ மாதிரி வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிறகு நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் அடிப்பாகத்தை முக்கி, ரப்பர் பல்பைக் கெட்டியாகும்வரை பிசைந்து, சோக்கை இழுத்து, கயிற்றைச் சுண்ட வேண்டும். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் சந்தோஷப்பட நேரமில்லை. பக்கத்துத் துளையில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் இறைக்கும் சின்ன ரப்பர் சக்கரம் சும்மா கிடந்தால் விறைத்துவிடும். தண்ணீர் வராமல் ஓடவிட்டால் அதுவும் போய், இன்ஜினும் வெந்து போகும்.

உதிரிப்பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்பதுதான் பெரிய தலைவலி. 1980-ல் திருவனந்தபுரத்தில் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு (சிஃப்ஸ்) கடற்கரையோரம் சொந்தமாகப் பழுதுபார்க்கும் பட்டறைகள் வைத்ததற்கு இது ஒரு காரணம். நாகப்பட்டினம் பக்கம் வேறு வழி கண்டார்கள். வயல் பம்புசெட்டில் இருக்கிற மாதிரி சின்ன டீசல் இன்ஜினை வைத்து, நீளமான தண்டின் நுனியில் புரொப்பெல்லர். பெயர் லாங் டெயில். சத்தம் காதைக் கிழிக்கும், ஆனால் பம்புசெட் மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இரண்டு வகை இன்ஜின்களும் கடல்நீரிலும் மணலிலும் புதைந்தன. மூழ்கிய இன்ஜினை உடனே நல்ல தண்ணீரில் அலசி ஆயில் ஊற்றாவிட்டால் நாள் ஆக ஆகத் துருப்பிடிக்கும். அந்த வாரங்களில் இறந்தவர்களைத் தேடுவதா, இன்ஜினை அலசுவதா? சிஃப்ஸ் படகுகளையும் இன்ஜின்களையும் பழுதுபார்க்க நாகைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நிவாரணமாக ஃபைபர் படகுகளும் புது இன்ஜின்களும் குவிந்தன, கட்டுமரம் பல ஊர்களில் மறைந்தே போனது.

அதன்பின் மண்ணெண்ணெய்க்கான மத்திய அரசின் மானியம் படிப்படியாகக் குறைந்து நின்றுபோனது. 2022-ல் கேரளத்தில் லிட்டர் நூறு ரூபாயைத் தொட்டது. மலிவு என்பதற்காகத் தேர்ந்தெடுத்த எரிபொருள் அது. எவின்ரூட் மோட்டார் தயாரிப்பும் 2020-ல் நிறுத்தப்பட்டது.