ஜி.பி. ரோடு: கவுண்டருக்குப் பின்னால் ஒரு வரலாறு

சென்னை அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டை பக்கம் போகும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையை யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஜி.பி. ரோடு என்றால்தான் புரியும். வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டுமென்றால் மெக்கானிக்குகள் போய் நிற்கும் இடம் அது. அங்கே ஒரு கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். கிரீஸ் படிந்த பழைய சாமான் ஒன்றோடு மெக்கானிக் வருவார். எதுவும் சொல்லாமல் கவுண்டரில் வைப்பார். நிற்பவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போவார். புதியதோடு திரும்பி வருவார். அவ்வளவுதான்!

இந்த ஒரு நிமிட வேலைக்குப் பின்னால் கிட்டத்தட்ட நூறு வருட வரலாறு இருக்கிறது. கார் கம்பெனிகளின் பெயர் எல்லோருக்கும் தெரியும். கவுண்டரில் நின்றவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை.

கப்பலில் வந்த சாமான்

மோட்டார் வண்டி சென்னைக்கு வந்த புதிதில் வண்டியும் கப்பலில் வந்தது, அதன் போல்ட்டும் கப்பலில் வந்தது. இன்று பாகங்கள் தயாரிப்பதில் பெயர் பெற்ற ரானே நிறுவனம்கூட, 1929ல் தொடங்கியபோது வண்டிகளையும் பாகங்களையும் விற்கும் வியாபாரமாகத்தான் இருந்தது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் பெட்ரோலுக்கு ரேஷன், பாகங்களுக்குத் தட்டுப்பாடு. பஸ்கள் கரி வாயுவில் ஓடின. கையில் ஸ்டாக் வைத்திருந்தவன் ராஜா!

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. 1949ல் சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியது. 1953ல் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது. பாகங்களை இறக்குமதி செய்து வெறுமனே பூட்டி விற்கும் கம்பெனிகளுக்கு இனி இடமில்லை, இங்கேயே தயாரிக்கும் திட்டம் இருக்க வேண்டும் என்றது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. 1961ல் லூகாஸ் டிவிஎஸ், 1962ல் சுந்தரம் கிளேட்டன், 1966ல் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் என்று சென்னையிலேயே பாகங்கள் தயாராகத் தொடங்கின.

மூன்று கார், ஒரு மூளை

அடுத்த 20, 25 வருடங்கள்தான் கவுண்டர்காரரின் பொற்காலம். ரோட்டில் ஓடிய கார்கள் முக்கியமாக மூன்றே வகை. அம்பாசடர், ஃபியட், சென்னைக்குப் பக்கத்திலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அதிலும் அம்பாசடர் 1950களின் இறுதியில் வந்து 2014ல் நிற்கும்வரை உடம்பு பெரிதாக மாறவேயில்லை.

ஊரிலிருந்து வந்து கடையில் சேரும் பையன் முதலில் டீ வாங்கி வருவான், தூசி தட்டுவான், எந்தப் பெட்டி எந்த ரேக்கில் என்று பார்த்துக்கொள்வான். பிறகு நம்பர் படிப்பான். உதாரணமாக, பேரிங் 6204. அதன் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை அளவு வந்துவிடும். 04 என்றால் 20 மில்லிமீட்டர், 05 என்றால் 25. ஆனால் 03க்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது 17. உலகம் முழுக்க இதே நம்பர்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கில் தோற்றவன்கூட ஒரே வருடத்தில் இதைத் தூக்கத்தில் சொல்வான்!

நாலைந்து வருடத்தில் அவன் கவுண்டருக்கு வந்துவிடுவான். மெக்கானிக்குகள் முதலாளியை விட்டுவிட்டு அவனைப் பெயர் சொல்லித் தேடுவார்கள். எந்த மெக்கானிக்குக் கடன் கொடுக்கலாம், யார் இழுத்தடிப்பார் என்பதும் அவனுக்கு அத்துபடி. இந்த அறிவை மட்டும் முதலாக வைத்துத் தனிக்கடை போட்டவர்களும் உண்டு.

ஏற்றத்துக்குப் பின் இறக்கம்

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1991க்குப் பிறகு கதவு முழுதாகத் திறந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு, 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ... அதன் பிறகு எண்ணி மாளவில்லை. ஒரே காரிலேயே வருடத்துக்கு ஒரு மாற்றம். பிரேக் பேடு கேட்டால் "எந்த வருட மாடல்? பெட்ரோலா டீசலா?" என்று நாலு கேள்வி கேட்க வேண்டியதாயிற்று. ஒரு மனிதனின் ஞாபகத்தில் இத்தனையும் அடங்குமா?

கம்ப்யூட்டர் உள்ளே வந்தது. கவுண்டர்காரர் தலையில் இருந்தது ஸ்கிரீனுக்குப் போனது. 20 வருட அனுபவமும் ஆறு மாத அனுபவமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. சம்பளம் கேட்கும்போதுதான் அதன் வலி தெரியும்.

முதலாளிக்கும் நிம்மதியில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பல பாகங்களுக்கு 28 சதவீத வரி. 2025 செப்டம்பரில்தான் அது 18 ஆகக் குறைந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்ததும் புது பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃபூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. பழைய வண்டிகள் ஓடும்வரைதான் கார்புரேட்டர் கிட்டுக்கு வேலை. அதற்குப் பிறகும் ரேக்கில் இருப்பது டெட் ஸ்டாக்!

ஒரு நாற்காலிக்காக

ஏற்றத்திலும் இறக்கத்திலும் மாறாதது ஒன்று உண்டு. அது கால்வலி. 1947ல் வந்த கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுத்தது. வாரம் ஒருநாள் விடுமுறையும் தந்தது. ஆனால் அந்த எட்டு மணி நேரமும் நின்றுகொண்டேதானா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. 74 வருடம் கழித்து, 2021ல்தான் தமிழக சட்டமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்றது. துணிக்கடைப் பெண்களின் கஷ்டத்தைப் பற்றிய பேச்சுதான் அப்போது அதிகம் அடிபட்டது. ஆனால் அந்த நாற்காலி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்கும் சேர்த்துத்தான்.

கம்ப்யூட்டருக்கு வண்டியின் பெயரும் வருடமும் சொல்ல வேண்டும். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்றே தெரியாத, நம்பர் அழிந்துபோன, பாதி உடைந்த ஒரு சாமானைக் கவுண்டரில் வைத்தால் அதனால் என்ன செய்ய முடியும்? இன்றைக்கும் அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் பழைய ஆளைத்தான் கூப்பிடுவார்கள். அடுத்த முறை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனால் அவர் அதைக் கையில் வாங்கிப் பார்க்கும் விதத்தைக் கவனியுங்கள். அப்படியே, அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறதா என்றும் பாருங்கள்.