ஃபோபூர் சென் தெனி தெரு, இலக்கம் 200

லாச்சப்பலுக்குப் போகாத தமிழர் பாரிசில் இருப்பார்களா என்பது சந்தேகம். கார் து நோர் நிலையத்தில் இறங்கி ஃபோபூர் சென் தெனி தெருவால் வடக்கே நடந்தால் புடவைக்கடை, நகைக்கடை, மரக்கறிக்கடை, கொத்துரொட்டிச் சத்தம். இடையில் இலக்கம் 200இல் ஒரு பெரிய வாசல். ஃபெர்னான் விடால் வைத்தியசாலை. முருங்கைக்காய்ப் பையோடு அந்த வாசலைக் கடந்து மெற்றோவுக்குப் போகிற எங்களில் பலருக்கு அது வெறும் ‘ஆஸ்பத்திரி’தான். நஞ்சையும் போதையையும் எப்படி மருத்துவமாகப் பார்ப்பது என்று பிரான்ஸ் படித்த பள்ளிக்கூடங்களில் அது ஒன்று என்பது பேசப்படுவதில்லை. போதை என்ற சொல்லே எங்கள் வீடுகளில் பேசப்படுவதில்லை, வைத்தியசாலை எம்மாத்திரம்?

முதலில் கட்டடத்தின் கதை. அந்த முகவரியில் 1858இல் குடிவந்தது ஒரு நகராட்சி மருத்துவ மனை. மக்கள் அதை ‘மேசோன் துபுவா’ என்றார்கள். அறக்கொடை ஆஸ்பத்திரிக்குப் போக வெட்கப்படுகிற, தனியார் வைத்தியருக்குக் கட்டுபடியாகாத நடுத்தரத்தினர் நாள்கூலி கட்டிப் படுக்கிற இடம். 1859இல் கவிஞர் போதலேரின் துணைவி ஜான் துவால் பக்கவாதத்தோடு இங்கே கிடந்தார்; செலவுக்குப் பணம் தேடி அலைந்தவர் போதலேர். அடுத்த ஆண்டு, 1860இல், ஹஷீஷையும் அபினையும் பற்றிய அவருடைய ‘செயற்கைச் சொர்க்கங்கள்’ வெளிவந்தது. 1861 ஜனவரியில் எழுத்தாளர் ஆன்றி மூர்ஜே இதே இடத்தில் இறந்தார். ஏழைக் கலைஞர்களின் வாழ்வை அவர் எழுதியதிலிருந்துதான் பின்னால் புச்சினியின் ‘லா பொயெம்’ ஓபரா பிறந்தது. இன்று அந்த வளவுக்குள் இருக்கும் போதை மீட்புச் சிகிச்சைப் பிரிவின் பெயர் ‘எஸ்பாஸ் மூர்ஜே’. பெயர் வைத்தவர்களுக்கு இலக்கியம் தெரிந்திருக்கிறது.

போதலேர் காலத்தில் அபின் கரைசலான லோடனம் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைத்தது. அளவு மீறிக் குடித்து மயங்கியவரை வைத்தியர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து அறைக்குள் மேலும் கீழும் நடக்கவைத்தார்கள். முகத்தில் குளிர்நீர் அடித்தார்கள். கடும் கோப்பி புகட்டினார்கள். ஈரத்துணியால் அடித்தவர்களும் மின்சார அதிர்ச்சி கொடுத்தவர்களும் இருந்தார்கள். நோக்கம் ஒன்றுதான்: தூங்கவிடக்கூடாது. எங்கள் ஊரில் மயங்கியவனின் கன்னத்தில் தட்டி, தலையில் தண்ணீர் ஊற்றி, தேசிக்காய்ச் சாறு பருக்குகிற பழக்கத்தைப் பார்த்துச் சிரிக்கிற இளையவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பியப் பேராசிரியர்களும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அதையேதான் செய்தார்கள். விழித்தால் பிழைப்பான் என்று எல்லோரும் நம்பினார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் கோப்பியின் இடத்துக்கு ஊசி வந்தது. பார்பிச்சுரேட் தூக்க மாத்திரைகளை விழுங்கியவர்களுக்கு மூளையைக் கிளறும் மருந்துகளை ஏற்றினார்கள். சிலருக்கு வலிப்பு வந்தது, பலர் செத்தார்கள். இந்த நம்பிக்கையை உடைத்தது கோபன்ஹேகன். 1949இல் அங்கே பிஸ்பெபியர்க் வைத்தியசாலையில் நஞ்சுண்டவர்களுக்கென்று தனிப்பிரிவு தொடங்கிய கார்ல் கிளெமெசெனும், மயக்க மருந்து நிபுணர் எரிக் நில்சனும் கிளறும் மருந்துகளை மூட்டைகட்டி வைத்தார்கள். நோயாளியை எழுப்ப முயலவே இல்லை. தொண்டையைத் திறந்து வைத்தார்கள், மூச்சுக் கொடுத்தார்கள், இரத்த அழுத்தத்தைக் காத்தார்கள், பக்கம் புரட்டிப் படுக்கவைத்துக் காத்திருந்தார்கள். நஞ்சை உடம்பே கழித்துவிடும், அதுவரை மூச்சு நிற்காமல் பார்த்தால் போதும். அதற்கு முன் நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று இறங்கியது. போதை மிகையில் செய்ய வேண்டிய முதல் வேலை எழுப்புவதல்ல, மூச்சைக் காப்பது. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு எளிமையான விஷயத்தைக் கண்டுபிடிக்க இவ்வளவு காலம் எடுத்தது எனக்கு இன்னமும் வியப்பு.

அந்தச் சிந்தனை பாரிசுக்கு வந்து சேர்ந்த இடம்தான் எங்கள் தெரு. 1959இல் பேராசிரியர் மிஷேல் கோல்தியே ஃபெர்னான் விடாலில் நஞ்சுத் தகவல் மையத்தைத் தொடங்கினார். நாட்டில் எங்கிருந்தும் ஒரு வைத்தியரோ ஒரு தாயோ தொலைபேசியில் கேட்கலாம்: இன்னதை விழுங்கிவிட்டான், என்ன செய்வது? கூடவே நஞ்சுண்டவர்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் வளர்ந்தது. பிற்பாடு அந்தத் தீவிர சிகிச்சை, சில நிமிட நடையில் உள்ள லாரிபுவாசியேர் வைத்தியசாலைக்குப் போய்விட்டது.

அப்போது மாத்திரைகள்தான் பெரும் பிரச்சினை. ஹெரோயின் பிரெஞ்சுக்காரரின் கண்ணில் குத்தியது 1969 ஆகஸ்டில். தெற்கே பந்தோல் என்ற கடற்கரை ஊரில், காசினோ ஒன்றின் கழிவறையில் 17 வயதுப் பெண் ஒருத்தி இறந்து கிடந்தாள். பத்திரிகைகள் கொதித்தன. 1970 டிசம்பர் 31ஆம் திகதிச் சட்டம் வந்தது. இன்றும் அதுதான் நடைமுறையில் உள்ளது. ஒரு கை பாவிப்பவனைத் தண்டிக்கிறது, ஓராண்டுச் சிறை வரை. மற்றக் கை, தானாக வந்து சிகிச்சை கேட்பவனுக்குப் பெயர் சொல்லாமலே, காசில்லாமலே மருத்துவம் தருகிறது. தமிழர் வீடுகளில் முதல் கை மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. எங்களவர்கள் வந்து இறங்கிய 1980களில்தான் ஐரோப்பிய நகரங்களில் ஹெரோயின் உச்சத்தில் இருந்தது. சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில், ரயில் நிலையத்தில் குளிருக்கு ஒதுங்கி நின்ற தமிழ் இளைஞர்களைப் பத்திரிகைகள் ‘தோல்ஜாக்கெட் தமிழர்’ என்று எழுதின. தூள் விற்பவர்கள் என்று எழுதின. சிலர் அந்த வேலையில் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் பழி எல்லோர் தலையிலும் விழுந்தது. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்படுமோ என்று பயந்து வாழ்ந்த ஒரு தலைமுறை அந்தச் சொல்லிலிருந்தே விலகி நடக்கப் பழகியது. ‘அதெல்லாம் வெள்ளைக்காரனின் வருத்தம்’ என்பது அன்று ஒரு தற்காப்பு. அதே பேர்ணில் 1986இல் உலகின் முதலாவது கண்காணிக்கப்பட்ட போதைப் பாவனை அறை திறக்கப்பட்டது என்பது எங்கள் கதைகளில் வருவதில்லை.

மருந்தின் கதைக்கு வருவோம். அபின் வகைகள் மூளையில் மூச்சை நடத்தும் பகுதியை அமுக்குகின்றன. மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நிற்கிறது. 1961இல் அமெரிக்காவில் ஜாக் ஃபிஷ்மனும் மோசஸ் லெவென்ஸ்டைனும் உருவாக்கிய நலோக்சோன், அபின் உட்கார்ந்திருக்கும் கதிரையிலிருந்து அதை எழுப்பிவிட்டுத் தான் உட்காருகிறது. நீலம் பாரித்தவன் இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்செடுக்கிறான். அற்புதம்தான், ஆனால் இரண்டு சிக்கல்கள். நலோக்சோனின் வேலை ஒரு மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். உள்ளே இருக்கும் போதை அதைவிட நீடிக்கலாம். எழுந்து ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று நடந்து போனவன் அடுத்த தெருவில் மறுபடி மூச்சிழப்பான். மற்றது, முழு அளவை ஒரேயடியாக ஏற்றினால் விடுபடல் வேதனை பிடித்து வாந்தியும் ஆத்திரமுமாக எழுவான். ஆகவே அனுபவமுள்ள வைத்தியர் சிறிது சிறிதாகக் கொடுப்பார், மூச்சு வரும் வரைக்கும் மட்டும். இங்கே கோபன்ஹேகன் திரும்பி வருகிறது.

1990களின் நடுவில் பிரான்ஸ் ஒரு பெரிய திருப்பம் எடுத்தது. எயிட்ஸ் அதற்கு முன்பே வழி திறந்திருந்தது: 1987இல் சுகாதார அமைச்சர் மிஷேல் பர்சாக் பார்மசிகளில் ஊசி விற்பனையைத் தளர்த்தினார். 1995இல் மெதடோனுக்கு அனுமதி. 1996இல் சாதாரணக் குடும்ப வைத்தியரே எழுதிக்கொடுக்கக்கூடிய மாற்று மருந்தாக புப்ரெனோர்ஃபின், அதாவது சுப்புடெக்ஸ் வந்தது. 1995க்கும் 1999க்கும் இடையில் அபின் வகை மிகையால் ஏற்பட்ட சாவுகள் ஏறக்குறைய 79 சதவீதம் குறைந்தன. பிறநாட்டு வைத்தியர்கள் இதை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். சுப்புடெக்ஸ் கார் து நோர் ஓரத்தில் கள்ளச்சந்தைக்கும் வந்தது. தூக்க மாத்திரையோடு சேர்த்துப் போட்டவர்கள் மூச்சிழந்தார்கள். புப்ரெனோர்ஃபின் கதிரையை இறுகப் பிடித்துக்கொள்வதால் நலோக்சோன் அதை எளிதில் கிளப்புவதில்லை. இந்தக் கலவை ஏன் கொல்கிறது என்பதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர்கள் லாரிபுவாசியேரின் நச்சியல் தீவிர சிகிச்சைப் பிரிவினர், ஃப்ரெடெரிக் போவும் புருனோ மெகர்பானும். நாங்கள் இடியப்பம் வாங்குகிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்.

பிறகு கிராக் வந்தது. புகைக்கிற கொக்கெயின். ஸ்டாலின்கிராட் சதுக்கம், போர்த் து லா ஷப்பெல் பக்கத்து ‘கிராக் மேடு’. 2019 நவம்பரில் மேட்டை அகற்றினார்கள். 2021இல் கூட்டம் எயோல் பூங்காவுக்குத் தள்ளப்பட்டது. பஜோல் தெருப் பிள்ளையார் கோவில் பக்கமிருந்து தண்டவாளங்களைத் தாண்டினால் அந்தப் பூங்காதான். அந்தச் செப்டெம்பரில் போர்த் து லா வில்லெத்துக்கு அனுப்பி, பந்தான் பக்கம் போகாதபடி சுவர் எழுப்பினார்கள். 2022 ஒக்டோபரில் அதையும் கலைத்தார்கள். இதற்கிடையே 2016 ஒக்டோபரில் லாரிபுவாசியேர் வளவில், அம்புறுவாஸ் பாரே தெருப் பக்கம், பிரான்சின் முதல் கண்காணிக்கப்பட்ட பாவனை அறை திறந்தது. அயலவர்கள் எதிர்ப்புப் பதாகைகளைத் தொங்கவிட்டார்கள். அவர்களின் எரிச்சலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வீட்டு வாசலில் பிள்ளைகளோடு நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் உள்ளே மயங்குபவன் பக்கத்தில் ஒரு தாதி நிற்கிறார். கழிவறையில் மயங்குபவன் பக்கத்தில் யாருமில்லை.

எங்கள் பிள்ளைகளின் கதை பெரும்பாலும் இந்தப் பூங்காக்களில் நடப்பதில்லை. அது கூட்டாளியின் அறையில், பிறந்தநாள் விழாவில், வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் நடக்கிறது. கொக்கெயின், எக்ஸ்டசி, வலி மாத்திரை, பலூனில் ஊதும் சிரிப்பு வாயு. ஊரிலும் ‘ஐஸ்’ வந்துவிட்டது என்று யாழ்ப்பாணத்து உறவுகள் சொல்கிறார்கள். ஒரு சாவு நடந்தால் மரண அறிவித்தலில் ‘அகால மரணம்’ என்று வரும். அந்தச் சொல் பல காரணங்களைப் போர்த்தும். யாரையும் குற்றம் சொல்லவில்லை. பெற்றவர்களின் துக்கத்துக்கு அந்தப் போர்வை தேவை. ஆனால் அதற்குக் கீழே அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தியும் புதைந்து போகிறது.

அந்தச் செய்திகளில் முதலாவது குறட்டை. அபின் வகை மிகையில் இறந்துபோன பலரைப் பக்கத்து அறையில் இருந்தவர்கள் ‘நல்ல நித்திரை, குறட்டை விடுகிறான்’ என்றுதான் நினைத்திருந்தார்கள். தளர்ந்த நாக்கு தொண்டையை அடைக்கும்போது வருகிற சத்தம் அது. உரத்துக் கூப்பிட்டும் தோளை உலுக்கியும் எழாதவன், நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவாக மூச்செடுப்பவன், உதடும் நகமும் நீலமானவன், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியவன் நித்திரை கொள்ளவில்லை. கொக்கெயினும் எக்ஸ்டசியும் வேறு மாதிரி: உடம்பு நெருப்பாகக் கொதிக்கும், நெஞ்சு வலிக்கும், குழம்பிக் கத்துவான், வலிப்பு வரும். அதற்கு நலோக்சோன் உதவாது. குளிர்ச்சியும் அமைதியும் வைத்தியரும்தான் வேண்டும். இருபது வயதுப் பெடியனுக்கு நெஞ்சுவலியா என்று சிரிக்கக்கூடாது, கொக்கெயின் இதயக் குழாயை இறுக்கும்.

மூச்சு இருந்தால் பக்கம் புரட்டிப் படுக்கவைத்துக் கூடவே இருக்க வேண்டும். வாயில் தண்ணீரோ தேசிக்காயோ ஊற்றக்கூடாது, அது நுரையீரலுக்குப் போகும். மூச்சு நின்றிருந்தால் மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும், எப்படி என்று தொலைபேசியிலேயே சொல்வார்கள். நலோக்சோன் ஊசிப்பெட்டி 2019 முதல் மருந்துச்சீட்டு இல்லாமலே பார்மசியில் வாங்கக்கூடியதாக வந்தது. வலி நிவாரணிக்கு அடிமைப்பட்டவர் இருக்கும் வீட்டில் அது பரசிட்டமோல் போல இருக்க வேண்டிய பொருள்.

பொலிஸ் வருமா என்ற பயத்தில் ஒத்திப்போடப்படுகிற அழைப்பைப் பற்றியும் ஒரு வரலாறு உண்டு. ஆபத்தில் இருப்பவனைக் கைவிடுவது பிரான்சில் குற்றம். அந்தச் சட்டம் 1941இல், ஆக்கிரமிப்புக் காலத்தில் பிறந்தது. விடுதலைக்குப் பிறகு 1945இல் வேறு நோக்கத்தோடு வைத்துக்கொள்ளப்பட்டது. இன்று தண்டனை ஐந்தாண்டுச் சிறையும் 75,000 யூரோவும் வரை. அறையைப் பூட்டிவிட்டு ஓடிய கூட்டாளிக்கு விசா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடியதுதான் பெரிய ஆபத்து. 15ஐ அழுத்தினால் எடுப்பது மருத்துவ நிலையம், அங்கே இருப்பவர்கள் மருத்துவ இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். என்ன எடுத்தான் என்று கேட்பது வழக்குக்கு அல்ல, ஊசியைத் தெரிவு செய்ய.

பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. இரவு இரண்டு மணிக்கு அறைக் கதவைத் திறப்பவர்கள் பெரும்பாலும் அம்மாவோ அப்பம்மாவோதான். முதலில் வீட்டு இலக்கம், தெரு, தபால் எண், மாடி, கதவுக் குறியீடு. பிறகு ஒரே வசனம்: ‘இல் ந ரெஸ்பீர் பா’. அவன் மூச்சு விடவில்லை. மகளென்றால் ‘எல் ந ரெஸ்பீர் பா’. மிச்சக் கேள்விகளை அவர்கள் மெதுவாகக் கேட்பார்கள், தொலைபேசியை வைக்கக்கூடாது.