படமாகவேனும் எஞ்சட்டும்

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயத்தை இன்று பழைய படங்களிலேதான் காணலாம். 1990இல் மீண்டும் மூண்ட போர் அதைக் கற்குவியலாக்கிற்று. நல்லூர் மந்திரிமனையின் ஒரு பகுதி 2025 செப்ரெம்பர் மழையில் இடிந்து வீழ்ந்தது. ஆயினும் இவ்விரண்டும் ஒரு வகையிற் கொடுத்து வைத்தவை. பயணிகளும் ஆய்வாளரும் அவற்றைப் பலமுறை படம்பிடித்து வைத்துள்ளனர்.

எனது கவலை பெயரற்ற கட்டடங்களைப் பற்றியது. நடுமுற்றத்தைச் சுற்றி எழுந்த நாற்சார் வீடுகள், கூரை வேய்ந்த சங்கடப்படலைகள், தலைச்சுமையோடு நடந்தோர் பாரம் இறக்கிய சுமைதாங்கிகள் ஆகியவற்றை யார் படம்பிடித்தார்கள்? போர் விட்டுவைத்தவற்றை வீதி அகலிப்பும் புதிய சீமெந்து வீடுகளும் விழுங்கி வருகின்றன.

தோட்டக்காணிகளின் கதையும் அதுவே. செம்மண் தறைகளில் வெங்காயமும் புகையிலையும் விளைந்தன. பல குடும்பங்கள் முறைவைத்து இறைத்த பங்குக் கிணறுகளில் துலாக்கள் நின்றன. நீரிறைக்கும் இயந்திரம் வந்ததும் துலா மறைந்தது. காணிகள் வீட்டு மனைகளாகும்போது வாய்க்காலும் மறைகிறது.

இது வெறும் பழமைப் பற்று அன்று. வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தனர். போர் 2009இல் முடிந்த பின்னரும் அவர்களது நிலம் உடனே திரும்பவில்லை. 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் விடுத்தது. பின்னர் காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. திரும்பியோர் பலர் வீட்டையும் காணவில்லை, வேலியையும் காணவில்லை. காணி உறுதியோ அயற்காணிக்காரரின் பெயர்களைச் சொல்லியே எல்லை காட்டுகிறது. அயலும் அழிந்துவிட்டால் அந்த எல்லையை எங்கே தேடுவது? அத்தகைய வேளையில் கலியாணப் படமொன்றின் பின்னணியில் தெரியும் கிணற்றுக்கட்டும் பனையுமே சாட்சியாகின்றன.

ஆகவே, ஊருக்கு வரும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். கோயிற் கோபுரத்தோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் ஒழுங்கையையும் பேரனார் கட்டிய வீட்டின் முகப்பையும் கதவுநிலையையும் கிணற்றையும் தோட்டத்தையும் படம்பிடியுங்கள். ஊர், ஒழுங்கை, ஆண்டு, உரியவர் பெயர் ஆகியவற்றை உடனே குறித்து வையுங்கள். குறிப்பில்லாத படம் அடுத்த தலைமுறைக்கு அநாதை. ஊரிலுள்ள முதியவர்களை அருகில் இருத்திக் கேட்டால் ஒவ்வொரு தூணுக்கும் ஒரு வரலாறு சொல்வார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் ஏடுகளையும் நூல்களையும் இதழ்களையும் காத்து வருகின்றன. வீட்டையும் வயலையும் படத்தில் ஏற்றி வைப்பது நம் ஒவ்வொருவரின் கையிலும் உள்ளது. இடிப்பதற்கு ஒரு நாள் போதும். படமெடுக்க ஒரு நிமிடம் போதும். எது முந்துகிறது என்பதே கேள்வி.