மல்லாங்கிணறு பக்கத்துக்கு வழி சொல்வது யார்?

தமிழ் விக்கிப்பீடியாவில் மல்லாங்கிணறு பக்கத்தைத் திறந்தால் முகவரிப் பட்டையில் ஊர்ப் பெயர் தமிழிலேயே நிற்கும். அது உலாவி நமக்காகப் போட்டு வைக்கிற ஒப்பனை. அதே முகவரியை நகலெடுத்து வேறெங்காவது ஒட்டிப் பாருங்க, சதவீதக் குறிகளாக நீளும். நம்ம கணக்குக்கு ஏழு எழுத்து. யூனிகோடு கணக்கில் 12 குறியீடு, யூடிஎஃப்-8இல் 36 பைட், சதவீதக் குறியிட்டால் 108 எழுத்துகள். இதை எந்த விதிப்படி கட்டணும் என்பது சர்வருக்குத் தெரியும். உலாவிக்குள் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்டுக்கு அதை யார் சொல்வது?

விக்கிப்பீடியா 2001இல் தொடங்கியபோது இந்தக் கேள்விக்கே பெரிய இடமில்லை. தமிழ் விக்கிப்பீடியா வந்த 2003இலும் அப்படித்தான். பக்கத்தையும் அதிலுள்ள இணைப்புகளையும் சர்வரே சமைத்து அனுப்பிவிடும். 2004இல் மோனோபுக் தோற்றம் வந்த பிறகு பயனர்கள் தங்களுக்கென்று ஜாவாஸ்கிரிப்ட் எழுத ஆரம்பித்தார்கள். இணைப்பு வேண்டிய இடத்தில் '/விக்கி/' என்று கையால் எழுதி, பின்னால் தலைப்பை ஒட்டினால் போதும், வேலை நடந்தது.

சிக்கல் பாதுகாப்பு வாசலில் வந்தது. அந்த நாளில் கடவுச்சொல்லை மறைகுறியாக்கி அனுப்பணும்னா செக்யூர்.விக்கிமீடியா என்ற தனித் தளம் வழியாகப் போகணும். அங்கே பாதை '/விக்கிப்பீடியா/டிஏ/விக்கி/தலைப்பு'. கையால் எழுதிய நிரல் இல்லாத பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். அதாவது, கடவுச்சொல்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ள நினைத்தவருக்குத்தான் கருவிகள் உடைந்தன.

மீடியாவிக்கியின் மருந்து எளிமையானது. ஒவ்வொரு பக்கத்தோடும் சில மாறிகளை ஜாவாஸ்கிரிப்டுக்கு எழுதி அனுப்பியது. ஒன்றின் பெயர் 'ஆர்ட்டிகிள் பாத்', மதிப்பு '/விக்கி/$1'. தலைப்புக்கு மட்டும் காலியிடம் விட்ட முகவரி. பாதுகாப்பு வாசலில் அதே மாறி வேறு மதிப்போடு வரும், நிரலைத் தொடவே வேண்டாம். 2011இல் சாதாரண முகவரியிலேயே ஹெச்டிடிபிஎஸ் வந்தபோதும் இப்படி எழுதிய நிரல்கள் சும்மா ஓடின.

வடிவம் மட்டும் கொடுத்தாலும் போதாது. இடைவெளி அடிக்கோடாகணும், முக்காற்புள்ளியும் சாய்கோடும் அப்படியே இருக்கணும். இந்த விதி பிஹெச்பியில் ஒரு முறை, ஜாவாஸ்கிரிப்டில் ஒரு முறை என இரண்டு மொழியிலும் எழுதப்பட்டது. இரண்டும் பிசகினால் ஒரே பக்கத்துக்கு இரண்டு எழுத்துக்கூட்டு ஆகிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி பெயர்வெளி. ஆங்கிலத்தில் 'யூசர்:', நம்மிடம் 'பயனர்:'. ஆங்கிலப் பெயரில் இணைப்புக் கொடுத்தாலும் சர்வர் புரிந்துகொண்டு சரியான பக்கத்தைத் தரும். ஆனா "தலைப்பு யூசர் என்று தொடங்குகிறதா?" என்று கேட்கிற ஆங்கில நிரல் தமிழ் விக்கியில் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும், பிழைச் செய்தி கூட வராது. அதனால்தான் பெயர்வெளிக்கு எண்ணும் அனுப்புகிறார்கள்: பயனர் 2, வார்ப்புரு 10, பகுப்பு 14. எந்த மொழியானாலும் எண் மாறாது.

மற்ற வலைச் சட்டகங்களும் இதே இடத்துக்குத்தான் வந்தன, கொஞ்சம் சுற்றி. 2004இல் வெளியான ரூபி ஆன் ரெயில்ஸ், வழிகளையெல்லாம் ஒரே கோப்பில் எழுதிப் பெயரால் கூப்பிடச் சொன்னது. அந்த வசதி ரூபிக்கு மட்டும்தான். ஜாவாஸ்கிரிப்டுக்கும் அதைக் கொண்டுபோக 'ஜேஎஸ்-ரூட்ஸ்' என்ற நிரலகம் வந்தது. சிம்ஃபனிக்கு ஒரு பண்டில், லாராவெலுக்கு 'ஸிக்கி'. இவை பட்டியலையே உலாவிக்குத் தருகின்றன. முழுப் பட்டியலையும் கொடுத்தால் நிர்வாகிகளுக்கான வழிகளும் ஊருக்கே தெரியும். சிம்ஃபனி பண்டில் பொதுவாக நாம் காட்டச் சொன்னதை மட்டும் காட்டுகிறது. ஸிக்கியில் வேண்டாததை நாமே வடிகட்டணும். முதல் வழக்கம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது; மறதிக்கு அது இடம் கொடுக்காது. (வழியை மறைப்பது பூட்டு ஆகாது, அது தனி.)

2025இல் வந்த லாராவெல் வேஃபைண்டர், சர்வர் வழிகளைப் பார்த்து டைப்ஸ்கிரிப்ட் செயற்கூறுகளையே எழுதித் தருகிறது. இல்லாத வழியைக் கூப்பிட்டால், தளம் வெளியே போகும் முன்பே வகைச் சோதனையில் மாட்டும். மல்லாங்கிணறு என்பதை மல்லாங்கிணர் என்று எழுதுகிறவர்களை மட்டும் எந்தக் கருவியும் பிடிக்காது. அதற்கு ஒரு வழிமாற்றுப் பக்கம் வேணும், அதை யாராவது உட்கார்ந்து எழுதணும்.